தேய்ந்துபோன ஆர்.சி. டிரக்: சரிசெய்வதா, புதிது வாங்குவதா? – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவையில் பம்ப் உதிரி பாகங்களுக்கு லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், 2019-இல் எட்டாம் வகுப்பில் இருந்த தன் மகனுக்கு ஒரு ஆர்.சி. டிரக் (ரிமோட்டில் ஓட்டும் சிறு வண்டி) வாங்கிக் கொடுத்தார். 1/10 அளவு, பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் ஷார்ட் கோர்ஸ் வகை, அதாவது மண் தடத்தில் ஓடும் பந்தய டிரக்கின் சாயல். கார்பன் பிரஷ் வைத்த 550 மோட்டார், நைலான் சேசிஸ், எண்ணெய் நிரப்பிய ஷாக்குகள். எந்த நிறுவனம், எந்த மாடல் என்பது இங்கே முக்கியமில்லை. இந்த வகை வண்டிகளின் உள்ளமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

அன்றைக்குக் கொடுத்த விலை 24,000 ரூபாய்க்குப் பக்கம். கடையில் கிடைக்கும் பொம்மைக் காருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் விலையில் மட்டும் இல்லை. பொம்மைக் காரில் ரிசீவர், வேகக் கட்டுப்பாடு, சில சமயம் ஸ்டீயரிங் மின்சுற்றுகூட ஒரே போர்டில் இருக்கும். ஒன்று போனால் எல்லாம் போனது. இந்த டிரக்கில் ஒவ்வொரு பாகமும் தனித்தனியாகக் கழற்றி மாற்றும்படி இருக்கிறது, ஒவ்வொன்றும் தனியாக விலைக்கும் கிடைக்கிறது. சரிசெய்வதா மாற்றுவதா என்ற கேள்விக்கே இதனால்தான் இடம் வருகிறது.

ஐந்து வருடம் வண்டி நன்றாகவே உழைத்தது. செம்மண் மைதானம், வீடு கட்டும் மனைகள், ஐப்பசி மழைக்குப் பிறகு சேறு. எலக்ட்ரானிக்ஸ் தண்ணீர் புகாதது என்று பெட்டியில் போட்டிருந்ததால், ஓட்டி முடித்ததும் குழாயடியில் வைத்துக் கழுவுவது வழக்கமாகிவிட்டது. மின்சுற்றுக்குத் தண்ணீர் புகாது, சரி. பேரிங்குக்கு யாரும் அப்படி உத்தரவாதம் தருவதில்லை.

2024 மழைக்காலத்தில் வண்டி அடிக்கடி படுக்க ஆரம்பித்தது. ஸ்பர் கியர் எனப்படும் பெரிய பிளாஸ்டிக் பல் சக்கரம் திரும்பத் திரும்ப மழுங்கியது. மோட்டார் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. அதற்குள் கல்லூரி முதலாண்டு போயிருந்த மகனுக்கு முடிவு தெளிவாக இருந்தது: இதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார் உள்ள புது வண்டி வாங்க வேண்டும். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் ஒரே மைதானத்தில் ஓட்டுகிற பழக்கத்தில், இருவரும் வண்டியை என்னிடம் எடுத்து வந்தார்கள்.

"மெஷின் தேஞ்சா பாகத்தை மாத்துவோமுங்க தம்பி, மெஷினையே தூக்கிப் போட்டுருவோமா?" என்றார் அப்பா.

"அப்பா, இந்த வருஷம் மட்டும் நாலு ஸ்பர் கியர் மாத்தியாச்சு. நாலும் போச்சு. நீங்களே சொல்லுங்கண்ணா" என்று மகன் என்னைப் பார்த்தான்.

மகன் சொன்னதில் ஒரு தகவல் ஒளிந்திருந்தது. பழசாகித் தேய்கிற வண்டியில் எல்லாப் பாகமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். ஒரே பாகம், அதுவும் புதிதாகப் போட்டது, சில வாரங்களிலேயே போகிறதென்றால் வயதைக் குறை சொல்ல முடியாது.

புது வண்டிக் கணக்கு

வண்டியைப் பிரிப்பதற்கு முன் விலை விசாரித்தோம். அதே தரத்தில், அதே பிரஷ் மோட்டாரோடு புது வண்டிக்கு 38,000 ரூபாய் கேட்டார்கள். மகன் விரும்பிய பிரஷ்லெஸ் வகை அதற்கும் மேலே.

ஐந்து வருடத்தில் இவ்வளவு ஏறியதற்கு டாலர் மட்டும் காரணம் இல்லை. இந்தியாவில் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. 2021 தொடக்கத்திலிருந்து பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். போதாததற்கு, ஆர்.சி. வண்டியோடு 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் வருகிறது. அலைபரப்பும் கருவி என்பதால் அதன் இறக்குமதிக்குத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவின் ஒப்புதலும் வேண்டும். தனி ஆளாக வெளிநாட்டிலிருந்து முழு வண்டி வரவழைத்து சுங்கத்தில் மாட்டிக்கொண்டவர்கள் எங்கள் மைதானத்திலேயே இருக்கிறார்கள். ஒரு பொட்டலம் பேரிங்குக்கோ, இரண்டு பல் சக்கரத்துக்கோ ரிமோட் ஒப்புதல் என்ற பேச்சே வராது. வேறு நாட்டில் இருப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டால் விடை வேறு மாதிரி வரலாம். இங்கே தராசு சரிசெய்யும் பக்கம் கொஞ்சம் சாய்ந்தேதான் இருக்கிறது.

வண்டியை இருக்கிற நிலையில் விற்றால் 7,000 ரூபாய் வரை கிடைக்கும் என்று இரண்டு பேர் சொன்னார்கள். நன்றாக ஓடும் நிலையில் இருந்தால் 15,000. இந்த இரண்டு எண்களும் பின்னால் முக்கியமாகின.

பிரித்தபோது கண்டவை

முதலில் பார்த்தது சேசிஸ். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, தொட்டி வடிவில் இருக்கும் வெறும் சேசிஸை ஒரு தடிமனான கண்ணாடிப் பலகையின் மேல் வைத்தோம். நான்கு மூலையும் படிந்தது, அழுத்தினால் ஆடவில்லை. முன்பக்கம் ஸ்க்ரூ ஏறும் துளைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தோம், இல்லை. அடியில் ஏகப்பட்ட கீறல். கீறலால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. இரண்டு ஸ்க்ரூ துளைகளில் மரை போயிருந்தது. கொஞ்சம் நீளமான ஸ்க்ரூ போட்டால் அடியில் இருக்கும் புது பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொள்ளும்.

சேசிஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அது முறுக்கியிருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ மற்ற எதையும் அளக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகும். தொட்டியை மாற்றுவது என்றால் வண்டி மொத்தத்தையும் பிரித்துத் திரும்பக் கட்டுவது. அந்த உழைப்பில் புது வண்டிக்கே போய்விடலாம்.

ஷாக்குகளில் இரண்டு ஒழுகின. ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் தேய்ந்து, வெளியே வந்த எண்ணெயில் மண் ஒட்டி, தண்டே உப்புத்தாள் மாதிரி ஆகியிருந்தது. சக்கரங்களைத் தாங்கும் கைகளான கீழ் ஆர்ம்களில், பின் (pin) செருகும் துளைகள் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தன; சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் நன்றாகவே ஆட்டம் தெரிந்தது. ஸ்டீயரிங் அசைவைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பெல் கிராங்க்கின் புஷ்களிலும் அதே கதை. டயர்களின் நடுப்பகுதி வழவழப்பாகிவிட்டது. இவை எல்லாம் ஐந்து வருட ஓட்டத்துக்குச் சரியான தேய்மானம்.

பேட்டரி தனிக் கதை. இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்), நடுவில் புடைத்திருந்தது. வண்டியோடு வந்தது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. அது போன பிறகு லிப்போவுக்கு மாறியிருக்கிறார்கள். வேகக் கட்டுப்பாட்டில் லிப்போவுக்கான குறை-மின்னழுத்தத் தடுப்பை யாரும் போடவில்லை. செல் ஒன்றுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே போகும் வரை வண்டி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. புடைத்த லிப்போவைப் பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை. வண்டியை வைத்துக்கொண்டாலும் விற்றாலும் அது கழிவுக்குத்தான். மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்தாயிற்று, வீட்டுக் குப்பையில் போடவில்லை.

பினியன்

கியர்பாக்ஸ் பக்கம் வந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. மோட்டார் தண்டில் இருக்கும் சின்ன உலோகப் பல் சக்கரம்தான் பினியன். அது ஸ்பர் கியரைச் சுற்றுகிறது. பினியன் பளபளவென்று புதிதாக இருந்தது. ஸ்பர் கியரின் பற்களோ கரையான் அரித்த மாதிரி, ஒவ்வொரு பல்லும் ஒரே பக்கமாகக் கரைந்து கூர்மையாகியிருந்தன. அடியில் வெள்ளை பிளாஸ்டிக் தூள்.

ஸ்பர் கியரில் 86 பல், 48 பிட்ச். அதாவது பிட்ச் வட்டத்தின் விட்டத்தில் ஒரு அங்குலத்துக்கு 48 பல் என்ற கணக்கு. அதோடு சேரும் பினியனும் 48 பிட்ச்தான் இருக்க வேண்டும். பினியனில் எண்ணினால் 19 பல், அது சரி. அப்பா சட்டைப் பையிலிருந்தே வெர்னியரை எடுத்தார். வெளி விட்டம் 12.6 மி.மீ.

19 பல்லுள்ள 48 பிட்ச் பினியனின் வெளி விட்டம் 11.1 மி.மீ. இருக்க வேண்டும். பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, 48-ஆல் வகுத்து, அங்குலத்தை மி.மீ. ஆக்கினால் வரும் எண் அது. 12.6 எங்கே வரும்? அதே 21-ஐ 0.6-ஆல் பெருக்கினால் வரும். அது 0.6 மாட்யூல் பினியன். வேறு சில நிறுவனங்களின் வண்டிகளுக்கான மெட்ரிக் அளவு.

அடுத்தடுத்த இரண்டு பற்களுக்கு இடையிலான தூரம் 48 பிட்ச்சில் 1.66 மி.மீ., 0.6 மாட்யூலில் 1.88 மி.மீ. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். மோட்டாரைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் இரண்டும் சேர்ந்து சுற்றவும் செய்யும், சத்தத்தோடு. ஒவ்வொரு சுற்றிலும் உலோகம் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் சீவிக்கொண்டே இருக்கும்.

மகனிடம் கேட்டதில் கதை தெரிந்தது. பழைய பினியன் தேய்ந்ததால் முந்தைய வருடம் ஆன்லைனில் ஒன்று வாங்கியிருக்கிறான். "19 பல், 3.17 மி.மீ. துளை" என்று மட்டும் போட்டிருந்தது. துளை சரியாக இருந்தது, ஏனென்றால் 540, 550 மோட்டார்களின் தண்டு பொதுவாக அந்த அளவுதான். பிட்ச் பற்றி விளம்பரத்தில் ஒரு வார்த்தை இல்லை. முதல் ஸ்பர் கியர் மழுங்கியது அதற்கு அடுத்த மாதம்.

"கியர் கட்டிங்ல பத்து வருஷம் இருந்தவன் நான். எங்கிட்ட ஒரு வார்த்தை காட்டியிருந்தா முடிஞ்சிருக்குமேடா" என்றார் அப்பா. மகன் பதில் சொல்லவில்லை.

இந்த ஒரு தவறான இணைப்பிலிருந்து வேறு சில சேதங்களும் கிளைத்திருந்தன. பற்கள் உரசியதால் மோட்டாருக்குச் சுமை கூடியது. சூட்டில், பிரஷ்கள் உரசும் செப்பு வளையமான கம்யூட்டேட்டர் கறுத்து, பிரஷ்கள் வேகமாகத் தேய்ந்தன. ஸ்பர் கியர் வழுக்கியபோதெல்லாம், ஸ்லிப்பர் கிளட்ச்தான் (அதிர்ச்சி வந்தால் வழுக்கிக் கொடுத்துப் பற்களைக் காக்கும் பாகம்) வழுக்குகிறது என்று நினைத்து மகன் அதன் நட்டை முழுக்க இறுக்கிவிட்டான். அப்புறம் குதித்து விழும் அதிர்ச்சியெல்லாம் நேராக டிஃபரன்ஷியலுக்கு (இரண்டு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் தொகுதி) போய், அதன் பற்களில் குழி விழுந்திருந்தது. மேல் தண்டின் பேரிங் துருப்பிடித்து இறுகி, உள்வளையம் சுற்றுவதற்குப் பதில் மொத்த பேரிங்கும் பிளாஸ்டிக் இருக்கையில் சுற்றியிருக்கிறது. 5×11×4 அளவு பேரிங்கை விரலால் அழுத்தி உட்கார வைக்க வேண்டும். இங்கே கவிழ்த்ததும் தானாகவே விழுந்தது. இந்தக் கடைசிச் சேதத்துக்குப் பினியன் மட்டும் காரணம் இல்லை, குழாயடிக் கழுவலுக்கும் பங்கு உண்டு.

ஆக, தேய்ந்துபோன வண்டி என்று பொதுவாகச் சொன்னதில் இரண்டு வகை கலந்திருந்தது. ஆர்ம், ஷாக், டயர் எல்லாம் வயதால் தேய்ந்தவை. ஸ்பர், மோட்டார், டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரு தவறான பாகத்தால் சேதமானவை. இதைப் பிரித்துப் பார்க்காமல் புது வண்டிக்குப் போயிருந்தால், அடுத்த பினியனை வாங்கும் விதமும் மாறியிருக்காது.

எடுத்த முடிவு, அதன் காரணம்

சரிசெய்யலாம் என்று முடிவானது; ஆனால் ஒரு எல்லைத் தொகையோடு. 8,000 ரூபாய். அதைத் தாண்டும் என்று தெரிந்த இடத்தில் நிறுத்திவிட்டு, வண்டியைப் பாகம் பாகமாக விற்றுவிடுவது.

8,000 எப்படி வந்தது? சரியான நிலையில் வண்டியின் விலை 15,000, இப்போதைய நிலையில் 7,000. இடைவெளி 8,000. அதற்குள் முடிந்தால், பின்னால் மகன் மனம் மாறி விற்றாலும் போட்ட காசு பெரும்பாலும் திரும்பும். அதைத் தாண்டினால், இந்த வண்டியின் மேல் உள்ள பாசத்துக்குக் கொடுக்கும் விலை. பாசத்துக்குச் செலவு செய்யக் கூடாது என்றில்லை, தெரிந்து செய்ய வேண்டும்.

பேட்டரியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதில் மகனுக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம். 3,600 ரூபாய் பேட்டரியையும் சேர்த்தால் பழுதுச் செலவு பயமுறுத்தும். மகன் அதைத்தான் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தான். ஆனால் புது வண்டி வாங்கினாலும் லிப்போ தனியாகத்தான் வாங்க வேண்டும், அதே பேட்டரி இரண்டிலும் பொருந்தும். இரண்டு பக்கத்திலும் வரும் செலவை ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுவது நியாயம் இல்லை.

வண்டியின் வயது எங்கள் பேச்சில் வரவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். டாமியா நிறுவனம் 1984-இல் வெளியிட்ட ஹார்னெட் வண்டியை 2004-இல் மறுபடியும் தயாரிக்கத் தொடங்கியது. அதனால் நாற்பது வருடப் பழைய வண்டிக்கும் பாகம் கிடைக்கிறது. மூன்று வருடம் முன்பு வந்து நின்றுபோன மலிவு மாடலுக்கு ஒரு ஆர்ம்கூடக் கிடைக்காது. பாகம் கடையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இந்த டிரக்கின் பாகங்கள் அனைத்தும் சென்னை, பெங்களூர் கடைகளில் இருப்பில் இருந்தன. இல்லாமல் இருந்திருந்தால் நானே மகன் பக்கம் பேசியிருப்பேன்.

மகன் ஒரு நிபந்தனை வைத்தான்: எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்கக் கூடாது. முதலில் கியர் பக்கம் மட்டும். அது தேறினால்தான் அடுத்தது. நல்ல நிபந்தனை.

முதல் கட்டம்

ஸ்பர் கியர் 450 ரூபாய், 48 பிட்ச் 19 பல் பினியன் 400, வண்டி முழுவதற்குமான பேரிங் செட் 1,100, டிஃபரன்ஷியலுக்கான சிலிக்கோன் எண்ணெய் 450. மொத்தம் 2,400.

பினியன் வந்ததும் வண்டியில் மாட்டும் முன்பே அளந்தோம். 11.1 மி.மீ. இருந்தது. இனி இந்த வீட்டில் எந்தப் பல் சக்கரமும் அளக்காமல் உள்ளே போகாது.

பற்களுக்கு இடையே விட வேண்டிய இடைவெளியைத் தாளால் வைத்தோம். மெல்லிய தாளில் ஒரு துண்டு கிழித்து, பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவே விட்டு, மோட்டாரை அழுத்திப் பிடித்து ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு, சக்கரத்தைக் கையால் உருட்டித் தாளை வெளியே எடுப்பது. தாளில் மடிப்பு மடிப்பாகத் தெளிவான கோடுகள் விழ வேண்டும், கிழியக் கூடாது. கிழிந்தால் இடைவெளி போதவில்லை. மடிப்பு மங்கலாக இருந்தால் அதிகம். ஸ்பரைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி எல்லா இடத்திலும் பார்க்க வேண்டும், ஏனென்றால் பிளாஸ்டிக் சக்கரம் அச்சு வட்டமாக இருப்பதில்லை. அப்பா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு முடி அளவு தளர்த்தச் சொன்னார். அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. ஸ்லிப்பர் நட்டை முழுக்க இறுக்கி ஒரு சுற்றுத் தளர்த்தி வைத்தோம்.

சத்தம் அன்றைக்கே மாறிவிட்டது. அரைக்கிற ஒலி போய், இந்த வகை வண்டிக்கே உரிய சீரான ரீங்காரம் வந்தது. சில வாரங்கள் ஓட்டிய பின் திறந்து பார்த்தால் ஸ்பர் பற்களில் தேய்மானமே இல்லை.

சூடு மட்டும் குறையவில்லை. பட்டறையில் இருந்த அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்தோம் (நெற்றியில் பிடிக்கிற வகை இதற்கு உதவாது, அது உடல் சூட்டுக்கு மேல் காட்டாது). பழுதுக்கு முன் சிறிது நேர ஓட்டத்திலேயே மோட்டார் உறை 96 டிகிரி செல்சியஸ். முதல் கட்டத்துக்குப் பின் 88. இந்த வகை மோட்டாருக்கு 80-க்குக் கீழே இருப்பது நல்லது என்பது ஓட்டுநர்களிடையே பழகிய கணக்கு.

மகன் உடனே பிடித்துக்கொண்டான்: பார்த்தீர்களா, இன்னும் சரியாகவில்லை. அப்பா பேசாமல் இருந்தார். நண்பர் ஒருவரிடம் இருந்து அதே வகை நல்ல மோட்டாரை இரவல் வாங்கி மாட்டி ஓட்டினோம். 66 டிகிரி. அப்போ இழுவைப் பக்கம் சரி, மோட்டார்தான் முடிந்துவிட்டது. இது சீல் செய்த உறை, பிரஷ்ஷை மட்டும் மாற்ற வழி இல்லை.

இரண்டாம் கட்டம்

புது மோட்டார் 2,100 ரூபாய். கியர்பாக்ஸ் உறையின் இரண்டு பாதிகள் 950. ஷாக் ஓ-ரிங், எண்ணெய் 750. மொத்தம் 3,800.

கியர்பாக்ஸ் உறையை வாங்க அப்பாவுக்கு மனம் இல்லை. பேரிங் இருக்கையை லேத்தில் பெரிதாக்கி, பித்தளை வளையம் அடித்து இறக்கிவிடலாம் என்றார். பட்டறையில் தினமும் செய்கிற வேலைதான் அது. ஆனால் அந்த இடத்தில் பிளாஸ்டிக் சுவர் மிக மெல்லியது. அதில் இன்னும் குடைந்தால் முதல் குதிப்பிலேயே பிளக்கும். 950 ரூபாய்க்குப் புது உறை கிடைக்கும்போது அந்த வேலைக்கு அர்த்தம் இல்லை என்று சொன்னேன். ஏற்றுக்கொண்டார், அரை மனதாக.

ஆர்ம்களில் அவர் கைவண்ணத்துக்கு இடம் இருந்தது. 3 மி.மீ. பின் போகும் துளை முட்டை வடிவமாகியிருந்ததல்லவா, அதை 4 மி.மீ. ஆகத் துளைத்து, வெளி விட்டம் 4, உள் விட்டம் 3 உள்ள பித்தளைக் குழாயை உள்ளே அழுத்தினார். பின்களை 3 மி.மீ. எஃகுக் கம்பியில் வெட்டி, முனையில் பிசிறு எடுத்தார். பெல் கிராங்க் புஷ்களை டெல்ரின் எனும் கடின பிளாஸ்டிக் கட்டையில் கடைந்தார். காசுச் செலவு இல்லை. ஸ்டீயரிங்கில் இருந்த ஆட்டம் முழுக்கப் போய்விட்டது. புதிதாக வாங்கியபோதுகூட இவ்வளவு இறுக்கமாக இருந்ததா என்று சந்தேகம். லேத் இல்லாத வீட்டில் ஒரு ஜோடி ஆர்ம் வாங்கிவிடுவதே நல்லது, பெரிய விலை இல்லை.

பிரஷ்லெஸ் மோட்டாரை இந்த வண்டியிலேயே போட்டுவிடலாமே என்ற யோசனை நடுவில் வந்தது. போடலாம். ஆனால் வேகக் கட்டுப்பாடும் சேர்த்து மாற்ற வேண்டும், அத்தோடு எல்லை உடையும். பற்களில் குழி விழுந்த டிஃபரன்ஷியல் அந்த இழுவையைத் தாங்குமா என்பதும் கேள்வி. வேண்டாம் என்று மூவருமே ஒத்துக்கொண்ட அபூர்வ இடம் அது. டயர்களையும் தள்ளிப்போட்டோம், வழவழப்பான டயரால் பிடிப்பு குறையும், வேறு எதுவும் கெடாது.

இரண்டு கட்டமும் சேர்த்து 6,200. புது மோட்டாரில் வெப்பம் 64 டிகிரி.

அதன் பிறகு

வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் செலவு அத்தோடு நிற்கவில்லை. 2025 பிப்ரவரியில் நடைபாதைக் கல்லில் முழு வேகத்தில் மோதியதில் முன் ஆர்ம்களைத் தாங்கும் பல்க்ஹெட் பிளந்தது, 600 ரூபாய். அதே மோதலில், முன் சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டாரான ஸ்டீயரிங் சர்வோவின் உள் பற்கள் உடைந்தன, 1,300. மொத்தம் 8,100. எல்லையை நூறு ரூபாய் தாண்டிவிட்டது என்று மகன் தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறான்.

இதைப் பழைய வண்டியின் கோளாறாகக் கணக்கில் எடுப்பது சரியா? அப்பாவின் வாதம், அந்தக் கல்லில் புது வண்டி மோதியிருந்தாலும் அதே பல்க்ஹெட்தான் உடைந்திருக்கும் என்பது. மகனின் வாதம், புது வண்டியின் சர்வோ ஐந்து வருடம் தேய்ந்ததாக இருந்திருக்காது என்பது. பல்க்ஹெட்டில் அப்பா சரி, சர்வோவில் மகன் சரி என்று நினைக்கிறேன்.

ஸ்பர் கியர் அதே கியர்தான் இன்னும் ஓடுகிறது. கழுவும் முறை மாறிவிட்டது: பெயின்ட் பிரஷ்ஷால் மண்ணைத் தட்டுகிறார்கள், ஈரத்துணியால் துடைக்கிறார்கள், சேற்றில் ஓட்டினால் மட்டும் பேரிங்குகளைக் கழற்றிக் காயவைத்து ஒரு சொட்டு எண்ணெய். புது லிப்போவுக்கு வேகக் கட்டுப்பாட்டில் தடுப்பு போட்டாயிற்று, செல் 3.2 வோல்ட்டுக்கு வந்ததும் வண்டி தானாக வேகம் குறைகிறது.

மகனுக்குப் பிரஷ்லெஸ் ஆசை போகவில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை. மிச்சமான தொகையில் பாதியைத் தான் தருவதாக அப்பா சொல்லியிருக்கிறார், மீதியை அவன் சேர்க்க வேண்டும். வாங்கினாலும் இந்த டிரக்கை விற்க மாட்டான் போலிருக்கிறது. அத்தை பையன் ஓட்டக் கற்றுக்கொண்டிருப்பது இதில்தான்.

மறுபடி செய்தால் மாற்றுபவை

முதல் மாற்றம் இரவல் மோட்டார். கியர் மாற்றிய உடனேயே அதை மாட்டியிருந்தால் 88 டிகிரி என்ற குழப்பமான எண் வந்திருக்காது. தேய்ந்த மோட்டாரை வைத்துக்கொண்டு இழுவைப் பக்கத்தைச் சோதித்தால் இரண்டில் எது சுடவைக்கிறது என்று பிரிக்க முடியாது. மகன் அந்தக் கட்டத்தில் பிடிவாதமாக இருந்திருந்தால் நல்ல வண்டி ஒன்று 7,000 ரூபாய்க்குப் போயிருக்கும்.

பேரிங் செட்டை முழுதாக வாங்கியது தேவையா என்பது விவாதத்துக்குரியது. முன் சக்கரங்களிலிருந்து எடுத்த பழைய பேரிங்குகளின் ரப்பர் மூடியைத் திறந்து, பெட்ரோலில் கழுவி, எண்ணெய் விட்டதும் நன்றாகவே சுற்றின. கியர்பாக்ஸுக்கும் பின் அச்சுக்கும் மட்டும் வாங்கினால் போதும். ஆனால் தனித்தனியாக வாங்கும் விலைக்கும் செட் விலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லாததால், செட்டாகவே வாங்கச் சொன்ன கடைக்காரர் பேச்சைக் கேட்டதில் ஒன்றும் நஷ்டமில்லை.

சர்வோவை அவ்வளவு தூரம் பிரித்தபோதே திறந்து பார்த்திருக்கலாம். பற்கள் அப்போதே எவ்வளவு தேய்ந்திருந்தன என்று தெரிந்திருந்தால், 8,000 எல்லைக்குள் அதற்கும் இடம் ஒதுக்கியிருப்போம்.

எல்லைத் தொகையோடு காலத்தையும் சேர்த்து எழுத வேண்டும். 8,000 என்றோம், எத்தனை மாதத்துக்கு என்று சொல்லவில்லை. பிப்ரவரி மோதலை எந்தக் கணக்கில் எழுதுவது என்ற சண்டை அதனால்தான் வந்தது. இப்போது அவர்கள் வைத்திருக்கும் ஏற்பாடு, ஒரு வருடத்துக்கு 4,000, விபத்துச் செலவு தனி.

ரிமோட் பெட்டி மூடியின் உட்புறம் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது: ஸ்பர் 86 பல் 48 பிட்ச், பினியன் 19 பல் 48 பிட்ச் வெளி விட்டம் 11.1, தண்டு 3.17, கியர்பாக்ஸ் பேரிங் 5×11×4, ஸ்லிப்பர் ஒரு சுற்றுத் தளர்வு. கீழே மாற்ற வேண்டியவை என்று தனி வரி. அதில் இப்போதைக்கு இரண்டு: பின் டயர் ஜோடி, டிஃபரன்ஷியலின் பெவல் கியர்கள். கியர்களின் பற்குழிகள் கூடவில்லை. அடுத்த முறை எண்ணெய் மாற்றத் திறக்கும்போது கூடியிருந்தால் மாற்றிவிடுவதாக ஏற்பாடு.